சுண்ணாம்பிலிருந்து மாத்திரை வரை: நெஞ்செரிச்சலின் வரலாற்றில் மறக்கப்பட்ட எடை

நெஞ்சு எரிந்தால் அமிலத்தை அணைக்க வேண்டும் என்பது மிகப் பழைய மருத்துவ வழக்கங்களில் ஒன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பவளத்தூளும் சீமைச்சுண்ணாம்பும் கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மக்னீசியாவும் சோடா உப்பும் பரவின. நம் ஊர்களில் கோலி சோடாவும் ஜெலுசிலும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று காலையில் வெறும் வயிற்றில் போடும் மாத்திரை பிடித்திருக்கிறது. பொருள் மாறிக்கொண்டே வந்தாலும் அதன் பின்னுள்ள எண்ணம் மாறவேயில்லை. அந்த எண்ணத்தில் பாதி உண்மை மட்டுமே உண்டு. இரைப்பையில் அமிலம் இருப்பது நோயல்ல, அது இருந்தே ஆக வேண்டும். இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலேறி உணவுக்குழாய்க்குள் புகுவதுதான் நோய். அப்படி அதை மேலே தள்ளும் விசைகளில் பெரியது, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. மருத்துவ உலகம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை ஓரளவு கண்டுகொண்டது, பிறகு கைவிட்டது, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் உறுதியான எண்களோடு மறுபடி கண்டெடுத்தது. மருத்துவமனைகளில் திரும்பக் கிடைத்த அந்த உண்மை நம் வீடுகளின் வழக்கத்துக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

நம் பழைய மருத்துவ நூல்கள் இந்த நோயை அறியாதவை அல்ல. சித்த மருத்துவம் வயிற்றெரிச்சல், புளியேப்பம், வாந்தி போன்றவற்றைக் குன்மம் என்ற தலைப்பில் வைத்துப் பேசுகிறது. ஆயுர்வேதத்தின் மாதவ நிதானம் அமிலபித்தத்துக்குத் தனி அதிகாரம் ஒதுக்கியது. உடற்பருமனுக்கும் வேறோர் அதிகாரம் ஒதுக்கியது. ஒரே நூலில் இரண்டு நோய்களும் தனித்தனி அறைகளில் இருந்தன. ஐரோப்பிய மருத்துவத்திலும் நிலைமை வேறாக இல்லை. 1823 டிசம்பரில் வில்லியம் பிரவுட் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கட்டுரையில், இரைப்பையில் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டினார். அதே ஆண்டுகளில் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் நிரந்தரத் துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பைக்குள்ளேயே செரிமானத்தைப் பார்த்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் அமிலத்துக்குப் பெயர் கிடைத்ததும் வயிற்றில் எரிகிற எல்லாவற்றுக்கும் அதுவே குற்றவாளியானது. அது எவ்வளவு சுரக்கிறது என்று அளந்தார்கள். எந்த வழியாக, எதனால் மேலே போகிறது என்று கேட்பதற்கு இன்னும் நூறாண்டுகள் ஆயின.

இந்த அமிலப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பியின் முறையைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1915-இல் அவர் வெளியிட்ட சிகிச்சைத் திட்டம் குடற்புண் நோயாளிகளுக்கானது. பாலும் பாலேடும் சமபங்கு கலந்து, மணிக்கு ஒருமுறை ஏறத்தாழ 90 மில்லி, காலை முதல் மாலை வரை. இடையிடையே அமிலத்தை முறிக்கும் காரப் பொடிகள். அமிலம் ஒரு கணமும் தனியாக இருக்கக் கூடாது என்பதே நோக்கம். பல பத்தாண்டுகள் உலகெங்கும் மருத்துவமனைகள் இதைப் பின்பற்றின. எரிச்சலுக்குப் பால் குடி என்ற அறிவுரை இன்றும் வீடுகளில் நிலைப்பதில் அந்த மரபுக்கும் பங்குண்டு. அமிலம் அணைந்தது, ஆனால் நாள் முழுவதும் பாலேடு உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. காரமும் கால்சியமும் மிகுந்து சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது. 1960-இல், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடற்புண்ணோடு இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, இத்தகைய பால் உணவில் இருந்தவர்களிடம் மாரடைப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஒரு ரசத்தை அடக்க முழு உடலையும் விலையாகக் கொடுக்கும் சிகிச்சை, அந்தக் காலத்தின் அறிவியலாகவே மதிக்கப்பட்டது. நோயை அமிலத்தின் அளவாக மட்டும் பார்த்தால், உடலின் மற்ற கணக்குகள் எல்லாம் கண்ணில் படாமல் போகும் என்பதே இதில் கற்க வேண்டியது.

பார்வையைத் திருப்பும் வேலை 1930-களில் தொடங்கியது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த ஆஷர் விங்கல்ஸ்டைன், இரைப்பை நீர் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது என்று 1935-இல் ஐந்து நோயாளிகளை வைத்து எழுதினார். 1951-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிலிப் அலிசன் அடுத்த அடியை எடுத்து வைத்தார். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கி வர ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளை தளர்ந்து, இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் வழுக்கி ஏறுவதை ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறோம். அப்படி ஏறும்போது இரைப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு குலைகிறது என்று அலிசன் வாதிட்டார். முதன்முறையாக நெஞ்செரிச்சல் ஒரு வேதியியல் சங்கதியாக இல்லாமல் உடலமைப்பின் சங்கதியாக, கதவும் அழுத்தமும் சார்ந்த ஒன்றாகப் பேசப்பட்டது. 1955-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ருடால்ஃப் நிஸ்ஸன், இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைக்கும் அறுவையைச் செய்தார். கதவை வலுப்படுத்தும் அந்த முறை அவர் பெயராலேயே இன்றும் நடக்கிறது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் நெஞ்செரிச்சல் நோயாளிகளிடம் எடையைக் குறை, இறுக்கமாக உடுத்தாதே, குனிந்து வேலை செய்யாதே, கட்டிலின் தலைமாட்டை உயர்த்து என்று வழக்கமாகச் சொன்னார்கள். வயிற்றின் மேல் விழும் அழுத்தம் கெடுதல் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிய கார்செட் உடை விலா எலும்புகளையும் உள்ளுறுப்புகளையும் நசுக்குகிறது என்று ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் சாமுவேல் தாமஸ் சோமரிங் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே படங்களோடு எழுதியிருந்தார். ஆனால் எடை பற்றிய அறிவுரைக்குப் பின்னால் அனுபவம் இருந்ததே தவிர, அளவீடு இல்லை. அளவீடு வந்தபோது அது வேறு பக்கம் இழுத்தது. 1956-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, உணவுக்குழாயின் அடியில் எப்போதும் அழுத்தத்தோடு மூடியிருக்கும் ஒரு சுருக்குத்தசைப் பகுதி இருப்பதைக் கருவியால் அளந்து காட்டியது. 1971-இல் கோஹன், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இரைப்பை நீர் மேலேறும் எதுக்களிப்பைத் தீர்மானிப்பது அந்தத் தசையின் வலுதான், ஹெர்னியா இருப்பதும் இல்லாததும் பெரிதல்ல என்று வாதிட்டார்கள். அலிசனும் 1973-இல், தம் அறுவைக்குப் பின் காலப்போக்கில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பியதைத் தாமே நேர்மையோடு வெளியிட்டார். இவற்றின் முன் வயிறு, அழுத்தம், எடை என்ற பேச்சு பின்வாங்கியது. அறிவுரை பாடநூலில் ஒரு வரியாகத் தேங்கிவிட்டது.

அந்த வெற்றிடத்தில்தான் அமிலம் முன்னெப்போதும் இல்லாத பலத்தோடு திரும்பியது. அமிலச் சுரப்பைக் குறைக்க ஜேம்ஸ் பிளாக்கின் குழு உருவாக்கிய சிமெட்டிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். 1981-இல் ரானிட்டிடின் வந்தது. 1988-இல் ஸ்வீடனிலிருந்து ஒமெப்ரசோல் வந்து, அமிலம் சுரக்கும் பம்பையே நிறுத்தியது. இவற்றைக் குறைத்துப் பேசுவது தவறு. உணவுக்குழாயின் புண் இவற்றால் ஆறுகிறது. இரத்தக் கசிவும் உணவுக்குழாய் சுருங்கிப்போவதும் குறைந்தன. அறுவை மேசைக்குப் போகவேண்டிய பலர் வீட்டிலேயே குணமடைந்தார்கள். ஆனால் இந்த வெற்றி ஒரு கேள்வியை மூடி மறைத்தது. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமிலத்தை மட்டும் அளக்காமல், உணவுக்குழாயில் திரவம் ஏறும் ஒவ்வொரு தடவையையும் பதிவு செய்யும் கருவியைப் பயன்படுத்தியது. ஒமெப்ரசோல் எடுத்தபோது அமில எதுக்களிப்பு மிகவும் குறைந்தது. ஆனால் மொத்த எதுக்களிப்பின் எண்ணிக்கை குறையவில்லை. ஏறிக்கொண்டிருந்தது ஏறிக்கொண்டேதான் இருந்தது. அதன் அமிலத்தன்மை மட்டும் போயிருந்தது. மாத்திரை தண்டனையைக் குறைக்கிறது, காரணத்தைத் தொடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

காரணத்தைத் தேடியவர்களுக்கு ஸ்வீடன் ஒரு புதிரைக் கொடுத்தது. யெஸ்பர் லாகர்கிரெனின் குழு 1999-இல், வாரம் ஒருமுறையாவது நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயின் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 8 மடங்கு என்று காட்டியது. அது அரிய நோய் என்பதால் தனி ஒருவருக்கான ஆபத்து சிறியதுதான். அதே குழு, உடற்பருமனுக்கும் அதே புற்றுநோய்க்கும் வலுவான தொடர்பு இருப்பதையும் கண்டது. அப்படியானால் பருமனுக்கும் எதுக்களிப்புக்கும் இடையிலும் தொடர்பு இருக்க வேண்டும். ஆனால் 2000-இல் 820 பேரை வைத்து அவர்கள் வெளியிட்ட ஆய்வு, எந்தத் தொடர்பும் இல்லை என்றது. புதிர் மூன்று ஆண்டுகளில் அவிழ்ந்தது. நார்வேயின் நோர்ட் ட்ரொண்டெலாக் மாவட்டத்தில் 1995 முதல் 1997 வரை மக்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பை, அதே லாகர்கிரெனும் சேர்ந்த ஒரு குழு 2003-இல் அலசியது. கடும் எதுக்களிப்பு உள்ள 3,113 பேரை, அது இல்லாத ஏறத்தாழ 40,000 பேரோடு ஒப்பிட்டார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீடு 35-ஐத் தாண்டிய ஆண்களுக்கு எதுக்களிப்பு வாய்ப்பு 3.3 மடங்கு, பெண்களுக்கு 6.3 மடங்கு. ஒரு சிறிய மாதிரியின் ‘இல்லை’யைப் பெரிய மாதிரியின் ‘ஆம்’ திருத்தியது. திருத்தியவர்களில் முதலில் ‘இல்லை’ என்றவரும் இருந்தார் என்பது, அறிவியல் வேலை செய்யும் விதத்துக்கே பெருமை.

2006-இல் அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்விலிருந்து இன்னும் நுட்பமான விடை வந்தது. 10,545 பெண்களின் பதில்களில், எடை ஏறஏற நெஞ்செரிச்சலும் படிப்படியாக ஏறியது. உடற்பருமன் உள்ளவர்களிடம் அது ஏறத்தாழ 3 மடங்கை எட்டியது. பருமன் என்ற எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டுமே ஆபத்து என்பதில்லை. இயல்பான எடையில் தொடங்கிய பெண்களிடமும், குறியீடு 3.5 அலகுக்கு மேல் ஏறியிருந்தால், அடிக்கடி எரிச்சல் வரும் வாய்ப்பு 2.8 மடங்கு ஆனது. அதே அளவு இறங்கியவர்களிடம் அது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. ஒல்லியாக இருந்து பத்துக் கிலோ ஏறியவரின் உடலும் அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். நம்மில் பலர் கல்யாணத்துக்குப் பின்போ நாற்காலி வேலைக்கு வந்த பின்போ அடையும் மாற்றம் இதுதான்.

எண்கள் தொடர்பைக் காட்டும். எப்படி என்பதை உடலியல்தான் சொல்ல வேண்டும். அதுவும் அதே ஆண்டுகளில் தெளிந்தது. மார்புக்குள் அழுத்தம் குறைவு, வயிற்றுக்குள் அதிகம். மூச்சை இழுக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடும். துணிப்பையின் வாயைக் கயிற்றால் சுருக்கிக் கட்டிவிட்டு அடியைப் பிதுக்குவதுபோல, எப்போதும் ஒரு விசை இரைப்பையில் உள்ளதை மேலே தள்ளுகிறது. 2006-இல் சிகாகோவின் பாண்டொல்ஃபினோ குழு, குறியீடும் இடுப்புச் சுற்றளவும் கூடக்கூட இரைப்பையின் உள்ளழுத்தமும் இந்த வேறுபாடும் கூடுவதை அளந்து காட்டியது. கதவின் இரு பாகங்களான சுருக்குத்தசையும் உதரவிதானமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதும் கூடியது. அடுத்த ஆண்டு ஹாங்காங் ஆய்வாளர்கள், எடை மிகுந்தவர்களிடம் சாப்பிட்ட பின் அந்தச் சுருக்குத்தசை விழுங்காத நேரத்திலும் தளர்ந்து திறக்கும் தடவைகள் அதிகம் என்று கண்டார்கள். பின்னர் கிளாஸ்கோவில், எந்தத் தொந்தரவும் இல்லாத தன்னார்வலர்களின் இடுப்பில் இறுக்கமான பெல்ட்டைக் கட்டிப் பார்த்தார்கள். பெல்ட்டும் சரி, பெருத்த இடுப்பும் சரி, இரைப்பை வாயைச் சற்றே மேலே ஏற்றி, அமிலத்தை உணவுக்குழாயின் அடிப்பகுதிக்குள் கசியவிட்டன. கார்செட்டைப் பற்றி சோமரிங் கவலைப்பட்டபோது அது வெளியிலிருந்து இறுக்கிய உடை. தொப்பை உள்ளிருந்து இறுக்குகிறது. இரவில் அதைக் கழற்றி வைக்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவற்றவை அல்ல. முதல் கேள்வி: ஒல்லியானவர்களுக்கும் நெஞ்செரிச்சல் வருகிறதே? வருகிறது. தசையின் பலவீனம், ஹெர்னியா, கர்ப்பம், சில மருந்துகள், உணவுக்குழாயின் கூருணர்ச்சி எனக் காரணங்கள் பல. எடை அவற்றில் ஒன்று என்பதும், மாற்றக்கூடியவற்றில் பெரியது என்பதுமே வாதம். மேலும், ஒல்லி என்று நாம் சொல்வதையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்குக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எடை மிகுதி, 25-ஐத் தாண்டினால் பருமன் என்றும், இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்றும் மருத்துவர்கள் வகுத்தார்கள். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடலை நாம் ஒல்லி என்கிறோம். உதரவிதானத்தின் மேல் விழும் அழுத்தத்துக்குக் கைகால்களின் மெலிவு தெரியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பத்துக்கு நால்வர் குறியீடு 25-ஐ எட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். எனவே இது நார்வேக்காரர்களின் கணக்கு மட்டுமல்ல.

இரண்டாவது கேள்வி: குற்றவாளி எடையா, எடையைக் கூட்டும் உணவா? எண்ணெய்ப் பலகாரமும் இரவு தாமதமாக வயிறு முட்ட உண்பதும் நேரடியாகவே எரிச்சலைத் தூண்டும். அது உண்மை. ஆனால் செவிலியர் ஆய்வு உணவையும் மற்றப் பழக்கங்களையும் கணக்கில் கழித்துப் பார்த்த பின்னும் எடையின் தொடர்பு நிலைத்தது. உணவே போடாமல் பெல்ட்டை மட்டும் கட்டிப் பார்த்தாலும் கதவின் அமைப்பு அசைகிறது. நெஞ்செரிச்சல் பெருகியதற்கு இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமி குறைந்துவந்ததும் ஒரு காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள். மேலை நாடுகளின் காலமாற்றத்தை விளக்க அது ஓரளவு உதவலாம். ஆனால் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், எடை கூடியவருக்கும் கூடாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை அது விளக்காது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது: எடையைக் குறைத்தால் நோய் குறையுமா? 1996-இல் ஸ்வீடனில் பருமனான ஒரு சிறு குழுவினர் சுமார் 10 கிலோ குறைத்தும் எதுக்களிப்பு குறையவில்லை என்று ஓர் ஆய்வு அறிவித்தது. பல ஆண்டுகள் இது மேற்கோளாகவே சுற்றியது. 2013-இல் இரு சான்றுகள் மறுபக்கம் வந்தன. நார்வேயின் அதே மாவட்டத்தில், எடை குறையக்குறைய அறிகுறிகள் மறைவதும் கூடியது. அமெரிக்காவில் எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 332 பேரில் எதுக்களிப்பு உள்ளவர்களின் பங்கு 37 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. ஆனாலும் எடை மட்டுமே எல்லாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. அதைத் தடுக்கும் சான்று உடற்பருமன் அறுவையிலிருந்தே வருகிறது. இரைப்பையைக் குறுகிய குழாயாக வெட்டும் ஸ்லீவ் அறுவையில் எடை நன்றாகக் குறைகிறது. ஆனால் ஃபின்லாந்தில் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது. பைபாஸ் அறுவை செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கே இருந்தது. குறுகிய குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. வழியை மாற்றிவிடும் பைபாஸில் இறங்குகிறது. இந்தச் சான்று நம் வாதத்தை முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. எடை நெஞ்செரிச்சலைக் கொண்டுவருவது பெரும்பாலும் அழுத்தத்தின் வழியாக. ஆகவே அழுத்தத்தைக் குறைக்காத எடைக்குறைப்பு இந்த நோய்க்குப் பாதி மருந்துதான்.

கடைசியாக, எடையைப் பேசுவது நோயாளியைக் குற்றவாளியாக்குவதில் முடியும் என்ற அச்சமும் நியாயமானது. தொப்பை ஒழுக்கக்கேடு அல்ல. பகலெல்லாம் உட்கார்ந்த வேலை, இரவு ஒன்பதுக்கு மேல் உணவு, காய்கறியைவிட மலிவாகக் கிடைக்கும் எண்ணெயும் மைதாவும், நடக்க இடமில்லாத தெரு எல்லாம் சேர்ந்துதான் அதைக் கட்டுகின்றன. நோயாளியை அவமதித்தால் அவர் மருத்துவரிடம் வருவதை நிறுத்திவிடுவார்; விழுங்கக் கஷ்டம், கருப்பு மலம், காரணமின்றி எடை இறங்குதல் போன்ற ஆபத்துக் குறிகளும் அப்போது தப்பிப்போகும். ஆனால் புண்படுத்தக் கூடாது என்பதற்காக உண்மையை மறைப்பதும் மரியாதையல்ல. ஒருவரிடம் அவர் நோயின் காரணத்தைச் சொல்லாமல் ஆயுள் முழுக்க மாத்திரையை மட்டும் கொடுப்பது, அவரால் எதையும் மாற்ற முடியாது என்று நாமே முடிவு செய்துகொள்வதாகும்.

இந்த வரலாறு கேட்பது மாத்திரையைத் தூக்கி எறிவதை அல்ல. புண் உள்ளவருக்கு மாத்திரை வேண்டும், மருத்துவர் சொல்லும் காலம் வரை வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் தொடரும் வழக்கம்தான் மாற வேண்டும். அந்த மாத்திரை எழுதப்படும் அறையில் ஓர் அளவு நாடாவும் இருக்க வேண்டும். எரிச்சல் என்று வருபவரின் இடுப்பை அளந்து, சில ஆண்டுகளில் எடை எவ்வளவு ஏறியது என்று கேட்டு, இரவு உணவை நேரத்தோடு முடிக்கவும் மெல்ல எடை இறக்கவும் வழி சொல்லி, சில மாதங்களில் மறுபடி அளப்பது அதிகச் செலவுள்ள காரியம் அல்ல. 1950-களின் மருத்துவர்கள் ஆதாரமில்லாமலே அந்த அறிவுரையைச் சொன்னார்கள். இன்று ஆதாரம் கையில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சீட்டெழுதி அனுப்பிவிடுவதற்கு இனி அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.